கொதி வந்தால் போய்விடுமா?

வணக்கம் அண்ணா,

பாலக்காடு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சமையலையும் அதற்குள் நடக்கிற அறிவியலையும் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவள். இது வீட்டு விஷயம். வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பெரிய அண்ணன் குடியை விட்டு நான்கு மாதமாகிறது. கோயம்புத்தூரில் வைத்தியம் பார்க்கிறோம். சீட்டில் டைசல்ஃபிராம் என்று எழுதியிருக்கிறது, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை. தினமும் காலையில் அண்ணி மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் முழுங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லோரும் கூடுகிறோம். பெங்களூரில் வேலை பார்க்கிற சித்தப்பா மகன், "நான் பீர் சிக்கன் செஞ்சு போடறேன்" என்கிறான். இரண்டு கிலோ கோழிக்கு ஒரு பாட்டில் பீராம். அண்ணன் சாப்பிடுவாரே என்று கேட்டால், "ஒரு கொதி வந்தாப் போதுமுங்க்கா. ஆல்கஹால் எழுபத்தெட்டு டிகிரிலயே ஆவியாப் போயிரும். தண்ணி நூறுலதான கொதிக்குது, அப்புறம் அதுல என்ன இருக்கப் போகுது?" என்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அம்மாவும் "கொதிச்சது கெடுதல் பண்ணாது" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றித்தான் மாவு புளிக்க வைப்போம். அதையும் நிறுத்த வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: பீர் ஊற்றிய கோழியை உங்கள் அண்ணன் சாப்பிடக் கூடாது. ஒரு கொதி வந்தாலும் கூடாது, அரைமணி நேரம் கொதித்தாலும் கூடாது. உங்கள் மனசு ஒப்பாதது சரியான காரணத்தால்தான்.

சித்தப்பா மகன் சொன்ன இரண்டு எண்களும் சரி. தனி எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அவர் தவறுவது, இந்த இரண்டும் பீருக்குள்ளும் தனித்தனியாக நிற்பதாக நினைத்துக்கொள்வதில். பாத்திரத்தில் இருப்பது இரண்டும் மூலக்கூறு அளவில் கலந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கிற ஒரே திரவம். அந்தத் திரவத்துக்கென்று தனியாக ஒரு கொதிநிலை உண்டு. 5 சதவீத பீர் கொதிக்கத் தொடங்குவது ஏறக்குறைய 96 டிகிரியில். சூடு 78 டிகிரியைத் தாண்டிப் போகும்போது பாத்திரத்துக்குள் புதிதாக எதுவும் நடந்துவிடுவதில்லை.

கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. பீரைச் சட்டியில் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே நுரை பொங்கி விளிம்பு வரைக்கும் வந்துவிடும். பார்க்கிறவருக்குக் கொதி வந்துவிட்டது என்றுதான் தோன்றும். அந்த நுரை கரியமில வாயு. பீரில் அழுத்தத்தில் கரைத்து அடைத்த வாயு, சூடு பட்டதும் முதலில் கிளம்பிவிடுகிறது. அது அடங்கும்போது பீர் இன்னும் கொதிநிலையைத் தொட்டிருக்காது. "ஒரு கொதி வந்ததும் இறக்கிட்டேன்" என்கிற பலர் இந்த நுரையைப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். ஆல்கஹாலில் பெரும்பகுதி அப்போதும் சட்டிக்குள்ளேயே இருக்கும்.

உண்மையான கொதி வந்தபிறகு என்ன ஆகிறது? எழுகிற ஆவியில் ஆல்கஹாலின் பங்கு, கீழே திரவத்தில் இருப்பதைவிட மிக அதிகம். 5 சதவீத பீரின் முதல் ஆவியில் எடையில் சுமார் 30 சதவீதம் ஆல்கஹால், மீதி தண்ணீர். ஆகவே ஆல்கஹால் முந்திக்கொண்டு போகிறது என்பது உண்மைதான். ஆனால் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு பங்கு ஆல்கஹாலும் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீரைக் கூட்டிக்கொண்டுதான் வெளியேறுகிறது. பாத்திரத்தில் ஆல்கஹால் குறையக் குறைய அந்த விகிதமும் இறங்கிக்கொண்டே வரும். இதனால் கடிகாரத்தைப் பார்ப்பதில் பயனில்லை, பாத்திரத்தில் அளவு எவ்வளவு வற்றியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். வாய் திறந்த பாத்திரத்தில் பீரை மட்டும் கொதிக்கவிட்டு, பத்தில் ஒரு பங்கு வற்றியிருந்தால் ஆல்கஹாலில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் என்று கணக்கு சொல்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வற்றினால் பத்தில் ஒரு பங்கு போல மிஞ்சும். பாதியாக வற்றினால் அற்பம்தான் இருக்கும்.

எல்லையோரத்தில் பிறந்த நமக்கு இதற்குப் புத்தகமே தேவையில்லை. கேரளத்தில் 1996ல் சாராயத்தைத் தடை செய்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்த மலையடிவாரங்களில் ஊறல் போட்டுக் காய்ச்சியவர்களைப் பற்றி நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். புளித்த ஊறலும் ஏறக்குறைய பீர் போலத்தான், கொஞ்சம் ஆல்கஹாலும் நிறையத் தண்ணீரும். அதை அடுப்பில் ஏற்றி, எழுகிற ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். முதலில் இறங்குவது தீப்பற்றி எரியும். நேரமாக ஆக வீரியம் குறைந்து, கடைசியில் வெறும் தண்ணீராக இறங்கும். ஒரு கொதியில் ஆல்கஹால் முழுவதும் பறந்துவிடும் என்றால், காய்ச்சுகிறவர் அடுப்பு பற்றவைத்த ஐந்தாவது நிமிஷம் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாமே! மணிக்கணக்காக விறகு தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது எதற்காக? உங்கள் சித்தப்பா மகன் அடுப்பில் நடக்கப்போவதும் அதே காரியம்தான். ஆவியைப் பிடிக்காமல் விடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சமைத்த உணவையே சோதித்துப் பார்த்த கணக்கும் இருக்கிறது. 1992ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மது சேர்த்துச் சமைத்த பண்டங்களில் 4 முதல் 85 சதவீதம் வரை ஆல்கஹால் தங்கியிருந்தது. அந்நாட்டு வேளாண் துறையின் அட்டவணை சொல்வது இது: கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் தங்குகிறது. 15 நிமிஷம் கலந்து வேகவைத்தால் 40, அரைமணிக்கு 35, ஒரு மணி நேரத்துக்கு 25. இரண்டரை மணி நேரம் வெந்தபிறகும் 5 சதவீதம் இருக்கிறது. உணவு விடுதிகளில் பிராந்தி ஊற்றிக் கொளுத்திக் காட்டுகிறார்களே, அந்தத் தீ அணைந்தபின் 75 சதவீதம் மிச்சம்.

மேலே சொன்ன வற்றல் கணக்கோடு இது ஒத்துப்போகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். குழம்பு வேகும்போது நாம் பீரை மட்டும் கொதிக்கவிடுவதில்லை. தீயைக் குறைத்து மூடி போடுகிறோம். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் திரும்பக் குழம்பிலேயே விழுகிறது, அதிலுள்ள ஆல்கஹாலோடு சேர்த்து. பாத்திரத்தின் வாய் குறுகலாக இருந்தாலும் இதேதான். குக்கரில் வைத்தால் வெளியேறும் ஆவி இன்னும் குறைவு. விசிலை எண்ணி ஆல்கஹாலைக் கணக்குப் போட முடியாது.

சரி, பாதியாக வற்ற வைத்துவிட்டுச் சேர்த்தால் என்ன? அங்கேதான் பீர் கைகொடுக்காமல் போகிறது. பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது. அந்தக் கசப்புப் பொருள் ஆவியாவதில்லை. தண்ணீர் குறையக் குறைய கசப்பு ஏறும், குழம்பு வாயில் வைக்க முடியாததாகிவிடும். ஆகவே கை தெரிந்த சமையல்காரர் அவ்வளவு தூரம் போகமாட்டார். ஆல்கஹால் முழுதும் போகிற இடத்துக்கு முன்பே கறியின் ருசி அவரை நிறுத்திவிடும். ஆல்கஹால் நீக்கிய பீர் தயாரிப்பவர்களில் பலரும் ருசி கெடாமலிருக்கத்தான், அழுத்தத்தைக் குறைத்து மிதமான சூட்டிலேயே ஆல்கஹாலைப் பிரிக்கிறார்கள். அப்படியும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்பதிலெல்லாம் சுத்தமாகப் பூஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி, 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ஒன்றை மதுபானம் என்கிறது.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டி. 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் 32 மில்லி ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 52. மூடி போட்டு அரைமணி வெந்தால், முதலாவதில் 11 மில்லி, இரண்டாவதில் 18 மில்லி தங்கலாம். எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டே கால் மில்லி. குழம்பு கொஞ்சம் தாராளமாக ஊற்றிக்கொண்டவருக்கு அதைவிடக் கூடும். மாத்திரை எதுவும் எடுக்காத, நல்ல உடம்புள்ள பெரியவருக்கு இது பொருட்டே இல்லை. சித்தப்பா மகனுக்கு ஒன்றும் செய்யாது, உங்களுக்கும் செய்யாது.

உங்கள் அண்ணன் நிலை வேறு. உடம்பு ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்கிற நச்சுப்பொருளாக மாற்றும், பிறகு அதை உடைத்து வெளியேற்றும். அந்த இரண்டாவது வேலையைச் செய்கிற நொதியைத்தான் டைசல்ஃபிராம் தடுத்து நிறுத்துகிறது. வழி அடைபட்டு நச்சு இரத்தத்தில் சேரும்போது முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வெடிக்கும், வாந்தி வரும். கடுமையாகப் போனால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு ஆல்கஹாலுக்கு யாருக்கு எப்படி என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இந்த மாத்திரை எடுப்பவர்கள் மது சேர்ந்த சாஸ், இருமல் மருந்து இவற்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும் என்கிறார்கள். தெரிந்தே ஒரு சட்டி கறியை அவர் முன்னால் வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

"கொதிச்சது கெடுதல் பண்ணாது" என்று அம்மா சொன்னது கிருமிக்குப் பொருந்தும், ஆல்கஹாலுக்குப் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகள் சிலவற்றில் சளி பிடித்த கைக்குழந்தைக்குப் பிராந்தியைச் சூடுகாட்டிப் புகட்டுகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. சூடுகாட்டுவதால் அதன் வீரியம் போய்விடுவதில்லை. குழந்தைக்கு இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஆப்பத்துக்கு வருகிறேன். ஒரு கிலோ அரிசி மாவுக்கு 200 மில்லி கள் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கள்ளில் 5 சதவீதம் என்றால் மொத்தம் 10 மில்லி ஆல்கஹால். மாவு புளிக்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். அது இருபத்தைந்து ஆப்பத்துக்குப் பிரிகிறது. மெல்லிய மாவு சூடான சட்டியில் பரவி நீர் வற்றுவதால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். மிஞ்சுவது மிகச் சிறிது. ஆப்பத்தைப் பார்த்து நீங்கள் நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் மாத்திரை எடுக்கும் காலம் வரை கள்ளை விட்டுவிட்டு, கொஞ்சம் ஈஸ்ட்டும் தேங்காய்த் தண்ணீரும் சேர்த்துப் புளிக்க வையுங்கள். ஈஸ்ட்டாலும் துளி ஆல்கஹால் உண்டாகத்தான் செய்யும். நான் அதிகம் கவலைப்படுவது ஆப்பத்துக்கு ஊற்றியதுபோகக் கள் மீந்திருக்கிற பாட்டிலைப் பற்றி. கேரளத்தின் எத்தனையோ மாவட்டக் கடைகளுக்கு உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கள் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 1987 முதல் கள் இறக்கத் தடை, உங்கள் பக்கம் நடந்துபோகிற தூரத்தில் கடை. அப்படிப்பட்ட ஊரில் குடியை விட்டு நான்கு மாதம் நிற்கிறார் என்றால் அவர் செய்திருப்பது பெரிய காரியம். அந்த வாசனை வீட்டுக்குள் வேண்டாம்.

பீர்க் கோழியிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வாசனைதான். ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிப் போனாலும் மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) மணமும் கசப்பும் குழம்பில் நிற்கும். குடியை விட்டவருக்கு மணமும் ருசியும் பழைய ஆசையைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்தது. அவருக்குச் சொல்லாமல் பரிமாறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். தன் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருடையது. பிறகு தெரியவந்தால், தினமும் காலையில் மாத்திரையை நீட்டுகிற அண்ணியின் கையைக்கூட அவர் சந்தேகப்படும்படி ஆகிவிடும்.

சித்தப்பா மகனுக்குச் சமைக்கிற ஆசை இருப்பது நல்ல விஷயம், அதைக் கெடுக்க வேண்டாம். பீருக்குப் பதில் அதே அளவு இளநீர் ஊற்றிச் செய்யச் சொல்லுங்கள். சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டு, கடைசியில் மூடியைத் திறந்து கொஞ்சம் வற்றவிட்டால் கோழி நன்றாக வரும். கள்ளுக்கடைகளில் பேர்போன காரக் கறிகளும் கள் ஊற்றிச் செய்வதில்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்தலாம்.

மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் இருமல் மருந்து, டானிக் பாட்டில்களைக் கொண்டுபோய்க் காட்டி எதெது ஆகாது என்று கேளுங்கள். மாத்திரையை என்றைக்காவது நிறுத்தினால் அதன்பின் எத்தனை நாள் இதே கவனம் வேண்டும் என்றும் கேளுங்கள். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் தொடரலாம், ஒருநாள் மாத்திரை போடாததால் அன்றைக்குப் பரவாயில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தவறி ஒருவாய் சாப்பிட்டு முகம் சிவந்து படபடப்பு வந்தால், கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று இருக்காமல் மாத்திரைச் சீட்டோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

அன்புடன்.