மாட்ரிகல் (கவிதையைப் பல குரல்கள் சேர்ந்து பாடும் பழைய ஐரோப்பிய இசை வகை) பாடல்களில் கவிதையின் பொருளை இசை எப்படிக் காட்டுகிறது?

சொல் சொல்வதை மெட்டும் செய்து காட்டும். ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் வீல்க்ஸ் ஆறு குரல்களுக்கு அமைத்த 'ஆஸ் வெஸ்டா வாஸ்' நல்ல எடுத்துக்காட்டு; முதலாம் எலிசபெத் அரசியைப் போற்றி 1601இல் வெளிவந்த தொகுப்பில் அது இருக்கிறது. வெஸ்டா தேவதை மலையிலிருந்து இறங்கும்போது சுரங்களும் இறங்குகின்றன. அரசி ஏறும்போது ஏறுகின்றன. தோழியர் 'இருவர் இருவராக' எனும் இடத்தில் இரண்டு குரல்கள், 'மும்மூவராக' என்றதும் மூன்று, 'ஒன்றாக' என்றால் எல்லாக் குரல்களும். 'தன்னந்தனியே' என்ற சொல்லுக்கு ஒரே குரல்தான்!

கலிலியோவின் தந்தை வின்சென்சோ 1581லேயே இத்தகைய உத்திகளைச் சாடினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. முடிவுப் பகுதியைக் கேளுங்கள்: 'ஓரியானா (எலிசபெத் அரசியைக் குறிக்கும் கவிதைப் பெயர்) நீடூழி வாழ்க' என்று மேல்குரல்கள் துள்ளிக்கொண்டிருக்க, அடிக்குரல் 'நீடூழி' என்ற சொல்லை மிக நீண்ட சுரங்களில் நிறுத்திப் பாடுகிறது. வாழ்த்தின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.