ரெண்டு பேருக்கும் நுரையீரலுக்குப் பரவியிருக்கு, ஆனா ஸ்டேஜ் ஏன் வேற?

30 வயசு அக்காவுக்கு ஸ்டேஜ் 2, 65 வயசு அப்பாவுக்கு ஸ்டேஜ் 4, ரெண்டுமே பாப்பிலரி தைராய்டு கேன்சர்தானேனு கேட்டிருக்கீங்க. ரிப்போர்ட் தப்பில்ல. இந்த கேன்சர்ல வயசையும் சேர்த்துத்தான் ஸ்டேஜ் போடுவாங்க. 55 வயசுக்குள்ள இருந்தா நுரையீரலுக்கே போனாலும் ஸ்டேஜ் 2 தாண்டாது, முன்னாடி இந்தக் கோடு 45ல இருந்துச்சு, 2018ல இருந்துதான் 55. அதுக்காக 54 வயசுக்கும் 56 வயசுக்கும் ராத்திரியோட ராத்திரியா ஏதோ மாறிடுதுனு இல்ல, ரிஸ்க் மெதுவா ஏறிக்கிட்டே போறதுதான், கோடு நம்ம வசதிக்கு.

ஏன் ஏறுதுங்கறதுல மியூட்டேஷனுக்கும், அதாவது கட்டியோட ஜீன்ல வர்ற மாற்றத்துக்கும், பங்கு இருக்கு. பாப்பிலரில ரொம்ப சாதாரணமா வர்றது பிராஃப் வி600ஈ, பாதிப் பேருக்கு கிட்ட இருக்கும், அது மட்டும் இருந்தா பயந்துடாதீங்க. டெர்ட்னு இன்னொண்ணு இருக்கு, அது வயசானவங்ககிட்டதான் அதிகம், ரெண்டும் சேர்ந்துடுச்சுன்னா கட்டி திரும்பி வர்றதும் ரேடியோ அயோடினுக்கு (கேன்சர் செல்லை அழிக்கக் குடுக்கற கதிர்வீச்சு அயோடின்) மசியாம போறதும் கூடுது. சின்னப் பசங்களுக்கு வர்றதுல ரெட் மாதிரி ஒரு ஜீன் இன்னொரு ஜீனோட ஒட்டிக்கிறது அதிகம், கழுத்து முழுக்கப் பரவியிருந்தாலும் பெரும்பாலும் நல்லா தேறிடுவாங்க.

அப்பாவோட கட்டில மியூட்டேஷன் டெஸ்ட் பண்ணலாமானு டாக்டர்கிட்ட கேளுங்க, அயோடின் கேக்கலைன்னா மாத்திரை தேர்வு பண்றதுக்கு அது உதவும்.