24 வாரம் தாண்டிவிட்டது என்கிறார்கள், இனி வழியே இல்லையா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். எனக்கு இது முதல் கர்ப்பம், 25 வாரம் ஆகிறது. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதால், ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிட்டோம். போன வாரம் தர்மபுரியில் எடுத்தபோது, குழந்தைக்கு மண்டை ஓடே உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். கலைக்க முடியுமா என்று கேட்டால், "24 வாரம் தாண்டிடுச்சு, செஞ்சா ஜெயில்தான்" என்கிறார் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர். கணவரும் மாமியாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். விஷயம் தெரியாத மாமியார் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்களுக்கு வழி இருக்கிறது. அந்த 24 வாரக் கணக்கு உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

1971-ல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை என்றால், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மைனர் பெண்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவரை இழந்தவர்கள் போன்ற சிலருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் செய்யலாம். ஆனால் சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருக்கிறது என்று அரசு அமைத்த மருத்துவக் குழு சொல்லிவிட்டால், வார வரம்பே கிடையாது. இதை அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவே சொல்கிறது.

டாக்டர் ஏன் பயப்படுகிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டம் இது. கருவில் பாலினம் பார்த்துச் சொல்பவர்களை இங்கே கடுமையாகத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்கு 1994-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, உங்களைப் போன்றவர்களைக் கைவிரித்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த அலைச்சல் என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் மஞ்சப்பையில் ஸ்கேன் படங்களோடு என்னிடம் வந்தார். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியதில் மூன்று வாரம் போயிருந்தது. வயிறு நன்றாகத் தெரிந்தது, உள்ளே அசைவும் கூடியிருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவர்கள் "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்பார்களாம். அந்தக் கேள்விக்குப் பயந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார். சட்டம் அவரைத் தடுக்கவே இல்லை. அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, நாளைக்கே கிளம்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பப் பதிவு அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். "சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதால், கருக்கலைப்புச் சட்டப்படி என்னை மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி டீனிடம் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கோரிக்கை கிடைத்த 3 நாளில் குழு தன் கருத்தைச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்கின்றன விதிகள். தேதி இல்லாத மனுவுக்கு இந்தக் கணக்கை எப்படிக் காட்டுவீர்கள்?

கையெழுத்து விஷயம். உங்களுக்கு 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் சம்மதம் ஒன்றே போதும். குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்டு டாக்டர்கள் கூடுதல் நிபந்தனை போடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் விவரத்தை டாக்டர் வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இன்னொன்று, இந்தக் குழந்தையைச் சுமந்து பெற்று, ஒரு நாழிகையாவது கையில் ஏந்த வேண்டும் என்று உங்கள் மனசு சொன்னால், கலைக்கச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

மறுத்தாலோ இழுத்தடித்தாலோ சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் பெயரை மறைத்துத்தான் நடத்துவார்கள். வக்கீல் பீஸுக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். 2023 அக்டோபரில் 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றம் மறுத்ததைச் சொல்லி யாராவது பயமுறுத்தலாம். அந்தச் சிசுவுக்குக் குறைபாடு எதுவும் இல்லை, உங்கள் விஷயம் வேறு.

அப்புறம், கணவரை உடனே ஊருக்கு வரச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு அவர் தேவையில்லைதான். ஆனால் இத்தனை மாதத்துக்கு அப்புறம் என்றால் பெரும்பாலும் பிரசவம் போலவே வலி வரவைத்துத்தான் செய்வார்கள், பக்கத்தில் ஆள் வேண்டும். அதற்குப் பிறகு பால் கட்டும். அதற்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை. வளைகாப்பு விஷயத்தை மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் மகன் வந்து சொல்லட்டும்.