மூன்றாவது நீட் வேண்டாம், பயோகெமிஸ்ட்ரியில் சேருங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தாய்மாமன். பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு நீட், நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்து இன்னொரு நீட். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில்கூட இடம் கிடைக்கவில்லை. ஐந்து பத்து மார்க்கில் தவறியதென்றால் நானே இன்னொரு முறை எழுதச் சொல்லியிருப்பேன். நூறு மார்க்குக்கு மேல் இடைவெளி.

"இன்னொரு வருஷம் உக்காந்தா அடிச்சிடுவா சார். இல்லேன்னா ஜார்ஜியாவுக்கு அனுப்பிடலாம், நானும் கொஞ்சம் போடறேன்" என்றார் மாமன். அம்மா, "பாப்பா சரியா சாப்பிடறதே இல்லீங்க" என்றார். கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். அப்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "கிழங்குக் காடு ரெண்டு ஏக்கரா இருக்குதுங்க. ஒரு ஏக்கராவைக் குடுத்துடலாம்னு பேசியிருக்கோம்."

நிலத்தைக் கொடுக்கும் பேச்சு வந்தபின் ஆறுதலுக்கு இடமில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர் இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் ஊசி போட முடியும். அதில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர்கூடத் தேறாத வருஷங்களே அதிகம். மாமன் போடுவதாகச் சொன்ன 'கொஞ்சம்' முதல் வருஷத்தோடு நின்றுவிடும். போன ஏக்கர் திரும்பி வராது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பெண்ணிடம், மார்க்கை விடு, படித்ததில் எது மனதில் நின்றது என்று கேட்டேன். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஆட்டுக்கதை சொன்னாள்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. காட்டில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கித் தழையைக் குவித்து வைத்திருந்தார்கள். இரண்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வயிறு முட்டத் தின்றுவிட்டன. சற்று நேரத்தில் மூச்சு வாங்கியது, கால் பின்னியது, விழுந்தன. ஒன்று டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. இன்னொன்றுக்குக் கால்நடை டாக்டர் நரம்பில் ஊசி போட்டுக் காப்பாற்றினார். அவர் ஆட்டின் இமையைத் திருப்பிப் பார்த்தபோது இவளும் எட்டிப் பார்த்திருக்கிறாள். "மூச்சு முட்டுச்சுன்னா ரத்தம் கறுக்கணும்ல சார்? நல்லா சிவப்பா இருந்துச்சு. அது ஏன்னு புரியவே இல்ல. அப்புறம் பாட்டனியில சுவாசித்தல் பாடத்துலதான் சார் புடிச்சேன்."

அவள் புரிந்துகொண்டது இதுதான். மரவள்ளி இலையின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் தனியாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி அதே இலையில் வேறிடத்தில், செல் சுவரில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. ஆடு மென்றதும் கலக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அது ரத்தத்தில் ஏறி ஒவ்வொரு செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் போய், சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. தீனியிலிருந்து பிரிந்து வரும் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிற கடைசி இடம் அதுதான். அந்த இடம் அடைபட்டால் பின்னால் எலக்ட்ரான்கள் கைமாறி வரும் சங்கிலி முழுதும் நிற்கும். புரோட்டான்களை வெளியே தள்ளும் வேலை நிற்கும், அந்தப் புரோட்டான்கள் திரும்பி ஓடிவரும் வேகத்தில் சுழன்று, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதியும் நின்றுபோகும். ஆடு இழுத்த மூச்சில் ஆக்சிஜன் இருந்தது, ரத்தத்திலும் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. வாங்கப்படாத ஆக்சிஜனோடு ரத்தம் திரும்பியதால்தான் அந்தச் சிவப்பு. டாக்டர்கள் இதற்குப் போடுகிற தயோசல்பேட் ஊசி கந்தகத்தைக் கொடுக்கிறது. கல்லீரலில் உள்ள ரோடனீஸ் என்ற நொதி அந்தக் கந்தகத்தைச் சயனைடோடு சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்ற, அது சிறுநீரில் போய்விடுகிறது.

கொன்ற வேலையிலும் நொதி, காப்பாற்றிய வேலையிலும் நொதி. இதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தன் வீட்டுக் காட்டிலிருந்து கண்டுபிடித்திருக்கிறது. அதே பிள்ளையிடம் "நோயாளிகளைப் பார்க்கப் பிடிக்குமா?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது சார்" என்றாள். இரண்டு வருஷமாக இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஏ.டி.பி. பற்றிப் பேச்சு வந்ததும் அவள் விடவில்லை. ஒரு குளுக்கோஸுக்கு 36, 38 என்று புத்தகம் சொல்கிறது, வேறொன்றில் 30, 32 என்று பார்த்தேன், எது சரி சார் என்றாள். பின்னதுதான் இன்றைய கணக்கு. புரோட்டான் கசிவையும் கடத்தும் செலவையும் கழித்தால் அவ்வளவுதான் நிற்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் வெறும் 2. நம் உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கிற ஏ.டி.பி. சொற்பம், ஆனால் ஒரு நாளில் நாம் செலவழித்துப் புதுப்பிப்பது கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவு. டவுன் பஸ் கண்டக்டர் பையில் எப்போது பார்த்தாலும் ஒரு கைப்பிடிச் சில்லறைதான் இருக்கும், நாள் முழுக்க அதன் வழியே போய்வருகிற பணம் வேறு கணக்கு. (மகளிருக்குக் கட்டணமில்லை என்றான பிறகு அந்தப் பையும் இளைத்துவிட்டது.) கோச்சிங் சென்டரில் இந்தக் கேள்விக்கு விடைத்தாளில் உள்ளதைக் குறி, யோசிக்காதே என்பார்கள். தேர்வுக்கு அது சரியான அறிவுரை. ஆனால் யோசிக்கிறவளுக்கு அந்த இடம் மூன்றாவது வருஷமும் சிறைதான்.

"டாக்டர் ஆகலைன்னா மரியாதை இருக்காதுங்களே" என்றார் அப்பா. இந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். காந்தி சொன்னாரென்று அறுவை வகுப்பில் கதர் அங்கி அணிந்து போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா போய் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். அங்கே உடன் பணியாற்றிய ஃபிஸ்கேயும் அவரும் 1925-ல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறை இன்றும் பயோகெமிஸ்ட்ரி ஆய்வகங்களில் அவர்கள் பெயரிலேயே நடக்கிறது. 1929-ல் ஏ.டி.பி. அதே வருஷம் ஜெர்மனியில் லோமன் என்ற விஞ்ஞானியும் அதைத் தனியே கண்டார். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் கொடுத்த டி.இ.சி. மாத்திரைக்குப் பின்னாலும் சுப்பாராவ் நடத்திய ஆய்வுக் குழு இருக்கிறது. மரியாதைக் கணக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

இன்ஜினியரிங், நர்சிங், பார்மஸி பற்றி உங்கள் சொந்தக்காரர்களே வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது பி.எஸ்சி. உயிர்வேதியியல், அதாவது பயோகெமிஸ்ட்ரி. மூன்று வருஷம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக். பயோடெக்னாலஜி தருகிறோம் என்று போன் வரும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

இந்தப் படிப்பில் என்ன செய்வார்கள்? ஸ்டார்ச் கரைசலில் தன் எச்சிலை விட்டு, நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடின் மேல் விடுவார்கள். முதலில் கருநீலம், பிறகு பழுப்பு, பிறகு நிறமே மாறாது. எச்சிலிலுள்ள அமைலேஸ் ஸ்டார்ச்சைத் தின்று முடித்த நேரம் அது. சூட்டைக் கூட்டினால் வேகம் கூடும், இன்னும் கூட்டினால் நொதி வெந்து செத்துவிடும், அமிலம் சேர்த்தால் மந்தமாகும். எல்லாவற்றையும் அளந்து வரைபடம் போட வேண்டும். கணக்கைக் கண்டு ஓடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. நொதியின் வேகத்துக்கு 1913-ல் மைக்கேலிஸும் மென்டனும் கொடுத்த சமன்பாடு இரண்டாம் வருஷம் முழுக்கத் துரத்தும்.

பிழைப்புக்கு? நம் மாவட்டங்களிலிருந்தே சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஜூஸாகும்போது பெக்டினைக் கரைத்துத் தெளிய வைப்பது பெக்டினேஸ். தர்மபுரி, சேலம் கிழங்கு ஸ்டார்ச்சை லிக்விட் குளுக்கோஸாக்குவது அமைலேஸும் குளுக்கோஅமைலேஸும். திருப்பூர்த் துணியில் பஞ்சுப் பிசிறை எடுப்பது செல்லுலேஸ். 1978-ல் பயோகான் நிறுவனம் பெங்களூரில் தொடங்கியபோது செய்த முதல் சரக்குகளில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் என்ற நொதி.

ஆஸ்பத்திரி வாசனை ஆகாதவளுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் உள்ளே வேலை உண்டு. சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தால் சாம்பல் மூடிக் குழாயில் விடுவார்கள், கவனித்திருப்பீர்கள். ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளும் உயிரோடு குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். நிறுத்தாவிட்டால் அறைச் சூட்டில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். கிராமத்தில் காலையில் எடுத்த ரத்தம் மதியம் தர்மபுரி போய்ச் சேரும்போது, சர்க்கரை நோயாளிக்கும் நார்மல் என்று வரலாம். அதற்காகக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு வைத்திருக்கிறார்கள். அது எனோலேஸ் என்ற நொதியைக் கட்டிப்போடும். ஆம், நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பல்லைக் கறையாக்கி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரை கொண்டுவந்த அதே ஃபுளோரைடு. குழாயில் இருப்பது தண்ணீரில் அனுமதித்த அளவைப்போல் பல நூறு மடங்கு. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. குளுக்கோஸை உடைக்கும் நொதி வரிசையில் எனோலேஸ் கடைசிப் பக்கத்தில் நிற்பதால், முதல் ஓரிரு மணி நேரம் மேலே குளுக்கோஸ் உடைவது தொடரும். கர்ப்பிணிகளின் சர்க்கரைப் பரிசோதனையில் இந்த வித்தியாசம் தீர்ப்பையே மாற்றும். இதை அறிந்தவர் குழாயை ஐஸில் வைக்கச் சொல்வார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் மிகச் சொற்பம். அரசு லேப் டெக்னீசியன் வேலைக்கு டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமா கேட்பார்கள், இந்தப் பட்டம் அதற்கு ஈடாகாது. எம்.எஸ்சி. வரை போக மனமிருந்தால் மட்டும் சேருங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாளை உயிர்வேதியியல் மாணவர்கள் எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் முதுநிலைத் தேர்வு இருக்கிறது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் 1921-லிருந்து உயிர்வேதியியல் துறை இருக்கிறது. ஓசூர் மாமனுக்கு அது பக்கத்து ஊர்தான். மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ., திருவனந்தபுரத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. அந்த வயதில் நீட் மூன்று முறை எழுதியவர் கையில் என்ன இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

செலவு? அரசு கலைக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஏக்கர் அப்படியே இருக்கட்டும். பக்கத்து அரசுக் கல்லூரியில் உயிர்வேதியியல் இல்லையென்றால் பி.எஸ்சி. வேதியியலில் சேர்த்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டத்தோடும் எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு எடுத்துக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அங்கே என்ன தகுதி கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரிக்குத்தான் போவோம் என்றால், கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எங்கே என்று பாப்பாவே கேட்கட்டும். கண்ணாடி அலமாரிக்குள் உறை போட்டு இருக்கிறதா, மேசைமேல் இருக்கிறதா, பி.எஸ்சி. பிள்ளைகள் அதைத் தொடுகிறார்களா, எம்.எஸ்சி.க்கு மட்டும்தானா என்று கேளுங்கள். இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லோர் நோட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அடுத்த கல்லூரிக்கு வண்டியைத் திருப்புங்கள்.