டிவிக்குப் போர்த்தியது போதும்: குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, டிவி உறை, மேசை விரிப்பு, ஃப்ரிட்ஜ் கைப்பிடி உறை எல்லாம் பின்னி முடித்தாயிற்று. "இதனால் வீட்டுக்கு என்ன பிரயோசனம்?" என்கிறார் மாமியார். அன்றாடம் புழங்குகிற மாதிரி என்ன பின்னலாம்?
- வாசகி, பாம்பன்

பதில்: நான் உங்கள் மாமியார் கட்சி. டிவியே சுவரோடு ஒட்டிக்கொண்ட பிறகு அதற்கு உறை எதற்கு? அடுப்படியிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய பருத்தி வேட்டியை ஒரு அங்குல நாடாவாகக் கிழித்து, 10 மி.மீ. ஊசியில் இறுக்கமாகப் பின்னினால் கரித்துணி. இரண்டாக மடித்துப் பிடிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போது மட்டும் அதால் சட்டியைத் தொடாதீர்கள், ஈரத்துணியில் சூடு உடனே கைக்கு ஏறிவிடும்.

அடுத்தது பிரிமணை. தும்புக் கயிற்றை நாலைந்து சுற்று வளையமாகச் சுற்றிக்கொண்டு, கயிறு தெரியாதபடி அதன் மேலேயே பருத்தி நூலால் பின்னிக்கொண்டு போக வேண்டும். மண்பானை ஆடாமல் உட்காரும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உறி பின்னுங்கள். நம் கரையில் காற்றே ஈரம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெங்காயம் முளைக்கும், இல்லையென்றால் அழுகும்.

பின்னி வைத்த விரிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம். வட்டமாக இருப்பதன் ஓரத்தில் துளையிட்ட சோழிகளைக் கோத்துவிட்டால் தண்ணீர்ப் பானைக்கு மூடுதுணி. ராமேஸ்வரம் கடைத்தெருவில் சோழிக்கா பஞ்சம்? அந்தக் கனத்துக்கு உங்கள் ஊர்க் காற்றுகூட அதைச் சட்டென்று தூக்காது. ஆனால் பின்னல் ஓட்டை வழியே கொசு இறங்கும். உள்பக்கம் மல்துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஸ்வெட்டர் பின்னியதில் உல்லன் நூல் மீதமிருக்கிறது. அதில் கரித்துணி பின்னலாமா?
- வாசகி, ராமநாதபுரம்

பதில்: ராமநாதபுரத்து வெயிலில் ஸ்வெட்டரா? சரி, பையன் ஊட்டியில் படிக்கிறானோ என்னவோ. கரித்துணி மட்டும் வேண்டாம். உல்லன் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். சூடான சட்டியில் உருகி, விரலிலும் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்து, ஆறினதும் கெட்டி உருண்டையாகும். மீந்த நூலில் தலையணை உறை பின்னுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். வலை நூல் நிறையக் கிடக்கிறது. குரோஷாவுக்கு ஆகுமா?
- வாசகி, தொண்டி

பதில்: முறுக்கிய நைலான் நூல் என்றால் தாராளமாக. தங்கூசி, அதாவது தூண்டிலுக்குக் கட்டுகிற ஒற்றை இழை நரம்பு, ஆகாது, வழுக்கும், விரலை அறுக்கும். நைலானில் பின்ன முதல் சரக்கு மீன் பை. பருத்திப் பையில் மீன் வாங்கினால் வாடை போகவே போகாது. நைலான் தண்ணீரைக் குடிக்காது, அலசி உதறினால் காய்ந்துவிடும். 2019 ஜனவரியில் பாலிதீன் பைக்குத் தடை வந்த பிறகும் மீன்கடையில் அதைக் கேட்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பையின் கண்ணைச் சிறிதாகப் போடுங்கள், இல்லையென்றால் நெத்திலி பாதி தெருவில் கிடக்கும். கனத்துக்குப் பை இழுபடும் என்பதால் நீளத்தையும் குறைத்தே பின்னுங்கள்.

ஒன்று கவனியுங்கள். வலைக்குக் கண்ணுக்குக் கண் முடிச்சு உண்டு. ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் நிற்கும். குரோஷாவில் வளையத்துக்குள் வளையம்தான். கடைசி நுனி அவிழ்ந்தால் இழுக்க இழுக்க முழுப் பையும் நூலாகக் கைக்கு வந்துவிடும். அதனால் நுனியைப் பின்னலுக்குள் கோத்து மறைத்து, மிச்சத்தை நறுக்கி ஊதுபத்தியால் தொட்டுவிடுங்கள், உருகி அடைத்துக்கொள்ளும். இதே நூலில் பாத்திரம் தேய்க்கவும் முதுகு தேய்க்கவும் பின்னலாம். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், இதுவும் உருகுகிற சாதிதான்.

கேள்வி: வட்டமாகப் பின்னினால் ஓரம் அலை அலையாக நெளிகிறது. ஏன்?
- வாசகி, மண்டபம்

பதில்: பின்னல் கண்கள் கூடிவிட்டன. சிங்கிள் குரோஷே என்ற குட்டைப் பின்னலில் ஆறு கண்ணில் தொடங்கினால் சுற்றுக்கு ஆறு கண்தான் கூட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் நெளியும், குறைந்தால் கிண்ணம் மாதிரி குழியும். குழிவு வேண்டுமென்றே வந்தால் நல்லது, சாவி, சில்லறை போட்டு வைக்கக் கூடை ஆயிற்று. நெளிவையும் இளப்பமாக நினைக்காதீர்கள். 1997-இல் டைனா தைமினா என்ற கணித ஆசிரியை இப்படிக் கண்களைக் கூட்டிக்கொண்டே போய், வகுப்பில் விளக்கச் சிரமமான ஒரு வளைபரப்பை நூலிலேயே செய்து காட்டினார். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் சிலவற்றின் மடிப்பும் அதே வடிவம்தான். உங்கள் ஊர்க் கடலுக்குள் இருப்பதைத்தான் தெரியாமல் பின்னியிருக்கிறீர்கள். பாத்திரம் தேய்க்க அந்த மடிப்பு ரொம்ப வசதி.

கேள்வி: யூடியூபில் ஒருவர் சிங்கிள் என்பதை இன்னொருவர் டபுள் என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: இருவருமே. அமெரிக்கரின் சிங்கிள் குரோஷேதான் ஆங்கிலேயருக்கு டபுள். இன்றைய பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயரே கிடையாது. ஆகவே குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. நான் மேலே சொன்னதும் அதுதான்.