வலிக்கும் கட்டிகளும் தீராத களைப்பும்

கேள்வி: எனக்கு வயது 46. கைகளிலும் தொடைகளிலும் பட்டாணி முதல் எலுமிச்சை அளவுவரை கட்டிகள் உள்ளன. நாற்காலியின் கைப்பிடி பட்டாலே வலிக்கிறது. வெறும் கொழுப்புதான் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். இரண்டு ஆண்டுகளாகக் களைப்பும் தீரவில்லை. எடையைக் குறை, தினமும் ஓடு என்கிறார்கள் வீட்டில். கட்டிகளையெல்லாம் எடுத்துவிடலாமா? – ஈசூன் வாசகி

பதில்: கொழுப்புக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், உங்கள் வலிக்குக் காரணம் தேடாமல் அனுப்பியது சரியன்று. நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகுந்த ஆஞ்சியோலிப்போமா என்னும் கட்டி வலிக்கக்கூடியது. அரிதாக, ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் டெர்கம் 1888இல் விவரித்து, பின்னர் அவர் பெயராலேயே அறியப்பட்ட டெர்கம் நோயாகவும் இருக்கலாம். நடுத்தர வயதுப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படும் இந்நோயில் கொழுப்புத் திசுவின் வலி மாதக்கணக்கில் நீடிக்கும், பலருக்குக் களைப்பும் சேர்ந்துகொள்ளும். இதை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. உடலைப் பரிசோதித்து, பிற காரணங்களை விலக்கித்தான் முடிவுக்கு வருவார்கள். வேகமாக வளரும் கட்டியோ, கடினமான கட்டியோ, ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

களைப்பைக் கட்டிகளின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். இரத்தச்சோகை, தைராய்டு, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றும் இல்லாமல், வீடு கூட்டித் துடைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் அடியோடு சாய்ந்து, உறங்கி எழுந்தும் தெளிவு வராமல், நினைவும் மங்குகிறதா? அப்படியானால் நாட்பட்ட களைப்பு நோயா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உழைப்புக்குப் பின் தாமதமாக வரும் இந்தச் சரிவுதான் அந்நோயின் முக்கிய அடையாளம். அது உள்ளவருக்கு ஓடு, ஓடு என்பது தீங்கான அறிவுரை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021ஆம் ஆண்டு வழிகாட்டியில் கைவிட்டுவிட்டது. களைப்பு வருமுன்பே வேலையை நிறுத்தி ஓய்வெடுப்பதைச் சோம்பல் என்பவர்களிடம் இதைச் சொல்லலாம். எடை குறைவது வேறு வகையில் நல்லதே, ஆனால் ஏற்கெனவே உள்ள கட்டிகள் அதனால் கரைவதில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தழும்புகள் மிஞ்சும், புதிய கட்டிகளும் தோன்றலாம். மிகவும் வலிக்கும் ஒன்றிரண்டை மட்டும் அகற்றுவதே பொருத்தம். மற்றவற்றுக்கு தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஒட்டுப்பட்டை, நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை போன்றவற்றை மருத்துவர் ஆலோசிக்கக்கூடும். பிரிகாபலின் தூக்கக் கலக்கம் தரும், எடையையும் கூட்டலாம் என்பதால், உங்கள் களைப்பைப் பற்றி அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரையுடன் சென்றால் அரசாங்க மருத்துவமனை நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். போகும்முன் இரண்டு வாரங்கள், அன்றாட வேலை, வலி, மறுநாள் நிலை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். சில நிமிடச் சந்திப்பில் அந்தத் தாள் உங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

வேலைக்குச் செல்பவராக இருந்து, தகுதிகாண் காலமும் முடிந்திருந்தால், 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியின்படி நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்து மூலம் கேட்கலாம்; முதலாளி இரண்டு மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். எடுத்த எடுப்பில் முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்பதைவிட, காலை நெரிசல் ஓய்ந்தபின் புறப்பட அனுமதி கேளுங்கள். கட்டிகளில் பிறர் இடிப்பதும், ரயிலில் நின்றே வரும் அயர்ச்சியும் ஒருசேரக் குறையும்.