பூங்காவையும் நம் மரபையும் வைத்துச் சாறிக்கு டிசைன் எங்கிருந்து தொடங்குவது?

பேராதனைப் பூங்காவில் ஓர்கிட் படமெடுத்து வந்து சாறியில் அச்சடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போய்ப் பாருங்கள், 1821இல் தொடங்கிய பூங்கா, பார்க்க நிறைய உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துச் சாறி என்றால் நான் முதலில் பனைக்குக் கீழேதான் போய் நிற்பேன். மட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக, வாள் பல் மாதிரி ஓடுகிற கருக்கு அப்படியே கரைக்கு வரும், சீவிய நுங்கின் மூன்று கண் உடலில் புட்டாவாகும் (இடைவெளி விட்டு வரும் சிறு உரு), அப்புறம் மட்டையடியில் இருக்கிற பன்னாடை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், தறியே இல்லாமல் மரம் தானாக நெய்த வலை, பெயரிலேயே ஆடை இருக்கிறது.

சரி, நிறம்? சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியெடுத்த இந்த வேர் ஒல்லாந்தர் காலத்தில் நல்ல வருமானம் தந்த பொருள். இதில் அலிசரின் என்ற நிறமி உண்டு. பருத்தித் துணியை முதலில் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வேர்ச்சாயத்தில் போட்டால் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். படிகாரத்தை விட்டுவிடாதீர்கள், துவைக்கத் துவைக்க வெளிறிவிடும்.

பூ வேண்டுமென்றால் கார்த்திகைப்பூ. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, நெளிநெளியாக ஆறு இதழ். படம் பார்த்து வரையாமல் கொடிக்கு முன்னால் இருந்து வரையுங்கள். கிழங்கு கடும் நஞ்சு, தொட்டால் கையைக் கழுவுங்கள்.